நவோதயா முடிவு வரும்வரை என்ன செய்வது? பாகூர், கடலூர் பக்கத்துப் பெற்றோருக்காக ஓர் இழை

பிப்ரவரி 9, 2025 (சேலியமேட்டிலிருந்து ஒரு தாயின் கேள்வி)

என் மகள் ஜனவரி 18 அன்று, ஒன்றிய அரசின் உறைவிடப் பள்ளியான நவோதயாவில் ஆறாம் வகுப்பில் சேர்வதற்கான தேர்வு எழுதினாள். முடிவு எப்போது என்று கேட்டால் ஆளுக்கொரு மாதம் சொல்கிறார்கள். இப்போது படிக்கிற தனியார் பள்ளியில் அடுத்த ஆண்டும் இடம் வேண்டுமென்றால் இந்த மாதத்துக்குள் முதல் தவணையைக் கட்டச் சொல்லிவிட்டார்கள். டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து படிப்பு பாதியில் நின்றது. கடைசிச் சில கணக்குகளைத் தொடவே இல்லை என்கிறாள். பணத்தைக் கட்டுவதா, காலாப்பட்டில் இருக்கும் நம் நவோதயாவின் முடிவு தெரியும்வரை பொறுத்திருப்பதா? இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள், அக்கா.

பிப்ரவரி 10, 2025 (என் பதில்)

கையில் இருக்கும் இடத்தை விடாதீர்கள். அதே நேரத்தில், பிள்ளை சேராவிட்டால் எவ்வளவு தொகை திரும்பக் கிடைக்கும் என்பதை வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டு வந்துவிடாமல், ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எங்கள் மகள் எழுதிய ஆண்டில் தேர்வே 2022 ஏப்ரல் 30 அன்றுதான் நடந்தது. முடிவு ஜூலையில் வந்தது. பள்ளிகள் திறந்து, நோட்டுகளுக்கு அட்டை போட்டு, புதிய வகுப்பில் தோழிகளும் கிடைத்த பிறகு அவள் பெயர் பட்டியலில் வந்தது. நாங்கள் கட்டிய கட்டணத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. தைத்த சீருடைகளை உறவில் ஒரு பிள்ளைக்குக் கொடுத்தோம். ஆனாலும், அந்தப் பணத்தைக் கட்டாமல் விட்டிருந்தால் பெயர் வராத நிலையில் பிள்ளையை எங்கே சேர்த்திருப்போம் என்பதை நினைத்தால் கட்டியதே சரி என்று இன்றும் சொல்வேன்.

கட்ட வசதியில்லை என்றால் அதற்காகக் கடன் வாங்க வேண்டாம். நம் கொம்யூனில் (பஞ்சாயத்துப் பகுதியில்) அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு இடம் கிடைக்காமல் போகாது. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன, நவோதயாவும் அதே பாடத்திட்டம்தான். ஆகவே ஜூலையில் அழைப்பு வந்து இடையில் மாற நேர்ந்தாலும் பிள்ளைக்குப் பாடம் புதிதாக இருக்காது.

பிப்ரவரி 12, 2025

வெள்ளத்தைப் பற்றி நேற்றே எழுதியிருக்க வேண்டும். பெஞ்சல் புயல் கரையைக் கடந்த நவம்பர் 30-ஐ ஒட்டிப் புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. மழை கொட்டியது. அது வடிவதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் தென்பெண்ணையில் வந்து, ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் குருவிநத்தத்தையும் சோரியாங்குப்பத்தையும் சூழ்ந்தது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில், நவோதயா தேர்வுக்கான மாதிரி வினாத்தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் துணிக்கொடியில் கிளிப் மாட்டிக் காயப் போட்டிருந்தார்கள். மை பரவி, நிரப்ப வேண்டிய வட்டங்கள் எல்லாம் நீலத் திட்டுகளாக இருந்தன. அந்த வீட்டுப் பையன் அவற்றை வைத்தேதான் தேர்வுக்குப் போகும்வரை பயிற்சி செய்தான்.

உங்கள் மகள் மட்டும் படிப்பை இழக்கவில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். நம் பக்கத்துப் பிள்ளைகள் பலரும் அதே சேற்றிலிருந்து எழுந்துதான் தேர்வுக்கு வந்தார்கள்.

விட்டுப்போன கணக்குகளைப் பற்றி: மொத்தம் 80 கேள்விகள், 100 மதிப்பெண்கள். அதில் மனத்திறன் பகுதிக்கு மட்டும் 40 கேள்விகள், 50 மதிப்பெண்கள். கணிதத்துக்கும் மொழிக்கும் தலா 20 கேள்விகள், தலா 25 மதிப்பெண்கள். ஒரு கேள்விக்கு ஒன்றேகால் மதிப்பெண். தவறான விடைக்குக் குறைப்பு இல்லை. நான்கைந்து கணக்குகளை விட்டதனால் எல்லாம் முடிந்தது என்று சொல்ல முடியாது. எல்லாவற்றையும் எழுதினாள் என்பதனால் கிடைத்துவிடும் என்றும் சொல்ல முடியாது. தயவுசெய்து பிள்ளையை உட்காரவைத்து வினாத்தாளை மீண்டும் மீண்டும் திருத்தாதீர்கள். பத்து வயதுப் பிள்ளைக்குத் தான் எந்த வட்டத்தை நிரப்பினோம் என்பது எவ்வளவு நாள் நினைவிருக்கும்? நாம் துருவிக் கேட்கக் கேட்க, நம் முகத்தைப் பார்த்து விடையை மாற்றிச் சொல்லத் தொடங்கும்.

பிப்ரவரி 16, 2025

வாட்ஸ்ஆப்பில் ‘கட்-ஆஃப்’ என்று ஒரு பட்டியல் சுற்றுவதாக அரியாங்குப்பத்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். அதை நம்ப வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் யாரும் ஏற்கமாட்டார்கள் என்பதால் காரணத்தைச் சொல்கிறேன்.

ஒரு நவோதயாவில் ஆறாம் வகுப்புக்கு அதிகபட்சம் 80 இடங்கள். அவற்றில் குறைந்தது 75 விழுக்காடு ஊரகப் பிள்ளைகளுக்கு. மூன்றில் ஒரு பங்காவது பெண் பிள்ளைகளுக்கு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கான ஒதுக்கீடுகள் இதற்குள் ஊடாக வருகின்றன. ஊரக இடங்கள் வட்டார வாரியாகவும் பிரிகின்றன. இத்தனை சல்லடைகளில் சலித்து வரும் பட்டியலுக்கு ஒரே ஒரு எல்லை மதிப்பெண் எப்படி இருக்க முடியும்? ஒரே மதிப்பெண் எடுத்த இரண்டு பிள்ளைகளில் ஒன்றின் பெயர் வந்து மற்றொன்றின் பெயர் வராமல் போகலாம். அதில் முறைகேடு எதுவும் இருக்க வேண்டியதில்லை. வேறொரு மாநிலத்து மாவட்டத்துக்காக யாரோ கணித்த எண்ணை வைத்துக்கொண்டு காலாப்பட்டைக் கணிப்பது வீண் வேலை. அதைவிட மோசம், அந்த எண்ணைப் பிள்ளையின் காதில் போடுவது.

ஊரக இடத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. மூன்று, நான்கு, ஐந்து ஆகிய மூன்று வகுப்புகளையும் முழுமையாக ஊரகப் பகுதிப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். வீடு எங்கே இருக்கிறது என்பது இதில் கணக்கில்லை. பள்ளி எங்கே இருக்கிறது என்பதுதான் கணக்கு. இடையில் சிறிது காலம் நகரத்துப் பள்ளியில் சேர்த்துவிட்டுத் திரும்பியவர்கள், விண்ணப்பத்தில் என்ன குறித்தோம் என்பதை இப்போதே எடுத்துப் பார்த்துவிடுங்கள். சான்றிதழ் சரிபார்க்கும்போது இதுதான் இடிக்கும்.

பிப்ரவரி 23, 2025

ஏப்ரல் 12 அன்றும் ஒரு தேர்வு இருக்கிறதே, அது முடிந்தபிறகுதான் நமக்கும் முடிவு வருமா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். அது குளிர்ப் பிரதேசங்களுக்கான தேர்வு. நமக்கும் அதற்கும் தொடர்பில்லை. கடந்த ஆண்டு ஜனவரி 20 அன்று எழுதியவர்களுக்கு மார்ச் இறுதியில் முடிவு வந்தது; இந்த ஆண்டும் ஏறத்தாழ அப்படியே எதிர்பார்க்கலாம். கொரோனாக் காலத்தில் 2021-இல் தேர்வே ஆகஸ்ட் 11 வரை தள்ளிப்போனது. அந்த ஆண்டுப் பெற்றோரை நினைத்தால் நம்முடைய காத்திருப்பு சிறியது.

மார்ச் 2, 2025

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து வந்த கேள்விக்கு: முடியாது. உங்கள் தங்கை வீடு பாகூரில் இருப்பதாலோ, ரெட்டிச்சாவடியிலிருந்து முள்ளோடை நடந்து போகிற தூரம்தான் என்பதாலோ காலாப்பட்டுக்கு விண்ணப்பிக்க முடியாது. பிள்ளை அந்த மாவட்டத்தில் வசிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பையும் அதே மாவட்டத்தில் அங்கீகாரம் பெற்ற பள்ளியில் படிக்க வேண்டும். நம் பகுதியில் ஒரு வயலின் வரப்பைத் தாண்டினால் தமிழ்நாடு, அடுத்த வரப்பைத் தாண்டினால் மீண்டும் புதுச்சேரி என்று இருப்பதால் இந்த விதி மிகவும் வலிக்கிறது. காலாப்பட்டுக்குப் போகும் பேருந்தே கோட்டக்குப்பத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்துதான் வெளியே வருகிறது. வலித்தாலும் விதி விதிதான். பொய்யான வசிப்பிடச் சான்றிதழ் கொடுத்துச் சேர்த்தால், அது தெரிய வரும் நாளில் தண்டனை பெறுவது பிள்ளை.

நாட்டில் 650-க்கும் மேற்பட்ட நவோதயா பள்ளிகள் நடக்கின்றன. புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் மட்டும் புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் என்று நான்கு. தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. மூன்று மொழிக் கொள்கையையொட்டித் தமிழ்நாடு எடுத்த நிலைப்பாடு அதற்குக் காரணம். நவோதயா பள்ளிகளை அனுமதிக்கும்படி 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பிறப்பித்த உத்தரவை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு நிறுத்திவைத்தது. அந்த அரசியலை இந்த இழையில் விவாதிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கடலூர்ப் பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அரசின் மாதிரிப் பள்ளிகள் இருக்கின்றன. அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையாக இருந்தால் உங்கள் தலைமை ஆசிரியரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள்.

மார்ச் 9, 2025

கடந்த ஒரு மாதமாக எல்லோரும் ‘பள்ளி நம் பிள்ளையை எடுத்துக்கொள்ளுமா’ என்றே கேட்கிறோம். நாம் பிள்ளையை அனுப்புவோமா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. இந்தக் காத்திருக்கும் மாதங்களில் வீட்டில் பேசித் தீர்க்க வேண்டிய கேள்வி அதுவே என்பது என் உறுதியான எண்ணம். முடிவு வந்த மறுநாளிலிருந்து சான்றிதழ்களுக்கு அலைவதே வேலையாகிவிடும். அப்போது யோசிக்க நேரம் இருக்காது, யோசித்தாலும் ‘கிடைத்த இடத்தை யாராவது விடுவார்களா’ என்று ஊரே வாயை அடைத்துவிடும்.

தங்குமிடம், உணவு, சீருடை, பாடநூல் எல்லாம் இலவசம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து மாதம் 600 ரூபாய் வளர்ச்சி நிதி வாங்குகிறார்கள். பெண் பிள்ளைகளுக்கும், பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கும், வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் அதுவும் கிடையாது. அரசு ஊழியர் பிள்ளைகளுக்குத் தொகை கூடும். நல்ல ஆசிரியர்கள், விளையாட்டுத் திடல், ஆரவல்லி, நீலகிரி, சிவாலிக், உதயகிரி என்று பெயரிட்ட இல்லங்கள், அவற்றுக்குள் போட்டிகள். இதெல்லாம் உண்மை. ஆனால் அதற்கு ஈடாகப் பத்துப் பதினோரு வயதுப் பிள்ளை வீட்டை விட்டுப் போகிறது.

என் மகளுக்குத் தகரப் பெட்டி வாங்கி, துண்டு, பாவாடை, போர்வை என்று ஒவ்வொன்றின் ஓரத்திலும் அவளுடைய எண்ணைச் சிவப்பு நூலால் தைத்தேன். பெட்டியின் சாவியைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். விட்டுவிட்டு வரும்போது அவள் அழவில்லை. பெற்றோர் பார்க்கும் நாளில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் சோறும் எடுத்துப் போயிருந்தோம். மரத்தடியில் உட்கார்ந்து நன்றாகத்தான் சாப்பிட்டாள். தம்பி அவளுடைய பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு வந்திருப்பதைக் கவனித்ததும் அழுகை வெடித்துவிட்டது. வீட்டில் தன்னுடையது என்று இருந்ததெல்லாம் கைமாறுகிறது என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றியிருக்க வேண்டும். அன்று முதல் அவள் துணி வைக்கும் தட்டில் வேறு யாரும் எதையும் வைக்கக்கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டேன். இன்றுவரை அப்படியே இருக்கிறது.

எனக்கும் எளிதாக இருக்கவில்லை. நான்கு பேருக்கு உலை வைத்துப் பழகிய கை, மூன்று பேருக்கு அளந்து போட வெகுகாலம் மறுத்தது.

மார்ச் 11, 2025

நேற்று முன்தினம் எழுதியதைப் படித்துவிட்டு, அப்படியானால் அனுப்ப வேண்டாம் என்கிறீர்களா என்று வில்லியனூர்ச் சகோதரர் கேட்கிறார். இல்லை. என் மகள் இப்போது எட்டாம் வகுப்பில் இருக்கிறாள். தன் துணியைத் தானே துவைத்து, தன் நேரத்தைத் தானே பிரித்து, மேடையில் நின்று மூன்று மொழிகளில் பேசுகிறாள். மீண்டும் அந்த நாள் வந்தாலும் அனுப்பத்தான் செய்வேன். ஆனால் ஒன்றை வேறுவிதமாகச் செய்ய ஆசைப்படுகிறேன். போகிறாயா என்று அவளிடம் கேட்டபோது வீட்டில் எல்லோரும் மகிழ்ச்சியில் இருந்தோம். அந்த மகிழ்ச்சிக்கு நடுவில் ஒரு பிள்ளை ‘மாட்டேன்’ என்று எப்படிச் சொல்லும்? முடிவு வருவதற்கு முன், ஒரு சாதாரண நாளில், பதில் எதுவானாலும் நமக்குச் சம்மதம் என்று அதற்குத் தெரியும்படி கேட்க வேண்டும். உங்களுக்கு இன்னும் அந்த நாட்கள் இருக்கின்றன.

பிள்ளையை ஒரு விடுமுறையில் காலாப்பட்டுக்கு அழைத்துப்போய், பல்கலைக்கழகத்தைத் தாண்டிப் பள்ளியின் வாசலையாவது காட்டிவிட்டு வாருங்கள். பாகூரிலிருந்து புதுச்சேரி பேருந்து நிலையம், அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக இன்னொரு பேருந்து. தூரம் எவ்வளவு என்று பிள்ளைக்கு உடம்பால் தெரிய வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பில் மாணவர்களில் ஒரு பகுதியினரை வேறு மொழி பேசும் பகுதியில் உள்ள நவோதயாவுக்கு ஓராண்டு அனுப்பும் முறையும் உண்டு. இதைப் பலர் சேர்த்தபிறகுதான் கேள்விப்படுகிறார்கள். இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

மார்ச் 15, 2025

மகளுக்குத் தெரியாமல் முடிவைப் பார்த்துவிட்டு, பெயர் வராவிட்டால் முடிவே இன்னும் வரவில்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒருவர் கேட்கிறார். வேண்டாம். வகுப்பில் உடன் எழுதிய பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள்.

மார்ச் 26, 2025

நேற்று முடிவு வெளியாகிவிட்டது. பதிவெண்ணும் பிறந்த தேதியும் இருந்தால் நவோதயா வித்யாலயா சமிதியின் அதிகாரப்பூர்வத் தளத்திலேயே பார்க்கலாம். நேற்று மாலை தளம் திறக்கவில்லை என்று பலர் பதறினார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பார்ப்பதுதான் காரணம். வாட்ஸ்ஆப்பில் வரும் வேறு இணைப்புகளில் பிள்ளையின் விவரங்களைக் கொடுக்காதீர்கள்.

சேலியமேட்டுச் சகோதரியின் மகள் பெயர் முதல் பட்டியலில் இல்லை என்று எழுதியிருக்கிறார். மகளிடம் உடனே சொல்லிவிட்டதாகவும், அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வெள்ளம் வராமல் இருந்திருந்தால் கிடைத்திருக்குமா என்று கேட்டதாகவும் எழுதியிருக்கிறார். அந்தக் கேள்விக்கு யாராலும் விடை சொல்ல முடியாது. தெரியாது என்றே சொல்லுங்கள். ஆம் என்று சொன்னால் அது மழை பெய்யும் ஒவ்வொரு முறையும் நினைவுக்கு வரும்; இல்லை என்று சொன்னால் தன் திறமையில் குறை என்று எடுத்துக்கொள்ளும். வீடு முழுக்கச் சேறாக இருந்த மாதத்தில் படித்து, அந்தத் தேர்வுக் கூடத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுதியவள் அவள். அதை நான் வெறும் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை.

மார்ச் 29, 2025

காத்திருப்புப் பட்டியலில் பெயரை மேலே நகர்த்தித் தருவதாக ஒருவர் தொகை கேட்டதாக ஒரு தந்தை எழுதியிருக்கிறார். கொடுக்காதீர்கள். தேர்வான பிள்ளைகள் சேராமல் போனாலோ, சான்றிதழ் சரிபார்ப்பில் நீங்கினாலோதான் இடம் காலியாகிறது. அதற்குரிய பிரிவிலிருந்து, தகுதி வரிசைப்படி அடுத்தவரை அழைக்கிறார்கள். இதில் இடைத்தரகர் செய்வதற்கு எந்த வேலையும் இல்லை. அப்படிக் கேட்பவர்கள் பலரிடமும் பணம் வாங்கி வைத்துக்கொண்டு, இயல்பாகவே இடம் கிடைத்தவரிடம் தாம்தான் வாங்கித் தந்தோம் என்பார்கள். ஏழைப் பெற்றோரின் ஆசையைக் குறிவைக்கும் இந்தக் கொடுமை எனக்கு ஆத்திரத்தை வரவழைக்கிறது. காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

ஏப்ரல் 6, 2025

தேர்வானவர்களுக்கு: வந்திருப்பது தற்காலிகத் தேர்வுதான், சான்றிதழ்கள் சரியாக இருந்தால்தான் சேர்க்கை. பிறப்புச் சான்றிதழ், வசிப்பிடச் சான்றிதழ், மூன்று, நான்கு, ஐந்து ஆகிய வகுப்புகளைப் பிள்ளை எங்கே படித்தது என்பதற்குத் தலைமை ஆசிரியரின் சான்று, மருத்துவத் தகுதிச் சான்று ஆகியவை வேண்டும். பிற்படுத்தப்பட்டோர் பிரிவில் விண்ணப்பித்தவர்கள் ஒன்றிய அரசின் பட்டியலுக்கு உரிய படிவத்திலேயே சான்றிதழ் வாங்க வேண்டும். புதுச்சேரி அரசின் பிரிவுப்படி ஏற்கெனவே வைத்திருப்பதை அப்படியே நீட்டினால் ஏற்கமாட்டார்கள். பாகூர் தாலுக்கா அலுவலகத்தில் கேட்கும்போதே நவோதயா சேர்க்கைக்கு என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

பழைய பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழை அவசரப்பட்டு வாங்கிவிட வேண்டாம். நவோதயாவில் எல்லாம் சரிபார்த்து, சேர்த்துக்கொள்கிறோம் என்று சொன்னபிறகு வாங்கினால் போதும்.

ஜூன் 15, 2025

சேலியமேட்டுச் சகோதரி நீண்ட நாள் கழித்து எழுதியிருக்கிறார். மகளை அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டாராம். தனியார் பள்ளியில் கட்டிய தவணையில் பாதி திரும்பக் கிடைத்ததாம். எழுதி வாங்கியது வீண்போகவில்லை. காத்திருப்புப் பட்டியலை இன்னும் எதிர்பார்க்கலாமா என்று கேட்கிறார். எதிர்பார்ப்பதில் தவறில்லை. ஆனால் அந்த எதிர்பார்ப்பு உங்களிடம் மட்டும் இருக்கட்டும். மகள் புதிய பள்ளியில் ஆறாம் வகுப்புப் படிக்கட்டும். அவளுடைய புத்தகப் பையை இதற்காகக் காத்திருக்கவைக்காதீர்கள். அழைப்பு வந்தால் அன்று பேசிக்கொள்ளலாம். என் மகளுக்கு ஜூலையில் அழைப்பு வந்தபோது அவள் முதலில் சேர்ந்திருந்த பள்ளியில் கலை விழாவுக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள் என்பதையும், அதனால் மனம் ஒன்றும் கெட்டுவிடவில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

வேறொருவர் கேட்டதற்கு: என் மகள் இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பு. வெளிமாநிலத்துக்குப் போகிறவர்கள் யார் என்று இன்னும் எங்களுக்குத் தெரியாது. ஆகவே நானும் உங்களோடுதான் காத்திருக்கிறேன். இந்த முறை அவளிடம் முன்பே கேட்டுவிட்டோம். போகலாம் என்கிறாள்; ஆனால் அங்கே சப்பாத்திதான் தினமும் என்றால் யோசிக்க வேண்டும் என்கிறாள்.

ஜூலை 20, 2025

கடைசியாக வந்திருக்கும் கேள்வி: இந்த முறை கிடைக்காத பிள்ளை அடுத்த ஆண்டு மீண்டும் எழுதலாமா? ஆறாம் வகுப்புத் தேர்வை ஒரு பிள்ளை ஒருமுறைதான் எழுத முடியும். ஐந்தாம் வகுப்பில் மீண்டும் உட்காரவைத்தாலும் பயனில்லை. தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். ஆனால் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது ஒன்பதாம் வகுப்புச் சேர்க்கைக்குத் தனியாக ஒரு தேர்வு இருக்கிறது. இந்த ஆண்டு அது பிப்ரவரி 8 அன்று நடந்தது. 100 கேள்விகள், இரண்டரை மணி நேரம். கணிதத்துக்கும் அறிவியலுக்கும் தலா 35, ஆங்கிலத்துக்கும் இந்திக்கும் தலா 15. காலியாக உள்ள இடங்களுக்கு மட்டும் என்பதால் இடங்கள் மிகக் குறைவு. மாவட்ட நிபந்தனை அதற்கும் உண்டு. எழுத விரும்பினால் எட்டாம் வகுப்பு தொடங்கும்போது விண்ணப்ப அறிவிப்பைக் கவனியுங்கள். இந்தி படிக்காத பிள்ளை என்றால் அந்த 15 கேள்விகளுக்கு முன்னதாகவே ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும்.